பாஸ்கலைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுத்தது

அனுப்புநர்:
இரா. ஜெயவேல் (வயது 57),
கிரேன் சிக்னல் தொழிலாளி,
14-ஆம் பிளாக், வீட்டு எண் 27,
வாரியக் குடியிருப்பு, எர்ணாவூர், சென்னை – 600 057.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
கரையோசை சமுதாய வானொலி நிலையம்,
திருவொற்றியூர், சென்னை.

பொருள்: நங்கூரம் கால்பந்துக் கழகப் போட்டிகளின் நேரடி வர்ணனையாளர் திரு. பாஸ்கல் நீக்கப்பட்டது – நேயர் கருத்துப் படிவத்தில் நாங்கள் எழுதியதைத் திரும்பப் பெறுதல் – வெள்ளிக்கிழமைக் கூட்டத்திற்கு முன் பரிசீலிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் நிலையத்தின் நேயர் கருத்துப் படிவம், நாள் 21.12.2024.
2. தங்கள் நிலையத்தின் நீக்கல் அறிவிப்பு, நாள் 09.01.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எர்ணாவூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். நங்கூரம் அணி தெருவில் செருப்பை வைத்து கோல் கட்டி ஆடிய காலத்திலிருந்து அதன் ரசிகன். மனு எழுதிப் பழக்கமில்லாதவன். குடிநீருக்காக இரண்டு முறை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. பார்வை 1-இல் கண்ட படிவத்தை, கடந்த டிசம்பர் 21 அன்று போட்டி இடைவேளையில் தங்கள் நிலைய ஊழியர்கள் மைதானத்தில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். வர்ணனையாளர் எப்படிப் பேசுகிறார், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், வேறு கருத்து உண்டா என்று அதில் கேட்டிருந்தது. மொத்தம் 413 பேர் எழுதிக் கொடுத்ததாகவும், அவர்களில் 412 பேர் பாஸ்கலுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டதாகவும் தங்கள் அறிவிப்பில் உள்ளது. எண்ணிக்கை சரி. அதில் எனக்கு மறுப்பில்லை.

2. ஆனால் அந்த 412 பேரும் எழுதியது பொய். இதைச் சொல்லத்தான் இந்த மனு.

3. எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்டோபரில் முதல் போட்டி தொடங்கினால், மார்ச்சில் கடைசிப் போட்டி முடியும்வரை அணியைச் சேர்ந்த யாரையும் நல்ல வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னால் கண்பட்டுவிடும், அடுத்த ஆட்டம் ஊத்திக்கொள்ளும். எங்கள் கோல் கீப்பரின் தாயாரே மகனை "ஓட்ட வாளி" என்றுதான் கூப்பிடுவார். பந்து பொறுக்கிப் போடுகிறவர், தண்ணீர் கொண்டுவருகிறவர், வர்ணனை சொல்கிறவர் எல்லோருக்கும் இதே சட்டம். வர்ணனையாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஏனென்றால் தோல்வியைச் சொல்கிற வாய் அவருடையது. கடைசிப் போட்டி முடிந்த மறுநாள் பிரியாணி போட்டு, அத்தனை பேரையும் ஒரே நாளில் வாயாரப் பாராட்டித் துண்டு போர்த்துவோம். பாஸ்கலுக்குப் பதினோரு துண்டு போர்த்தியிருக்கிறோம்.

4. தங்கள் படிவம் டிசம்பரில் வந்தது. மார்ச் கடைசியில் வந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது. மைதான வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா, "இவன் பேசுறதக் கேட்டா என் பாலு திரிஞ்சிபூடுது" என்று எழுதிவிட்டு, அந்தக் கையாலேயே பாஸ்கலுக்கு இஞ்சி டீ அனுப்பினார். டீக்குக் காசும் வாங்கவில்லை. தங்கள் கணினியில் பால் திரிந்தது மட்டும்தான் ஏறியிருக்கிறது.

5. உண்மை எழுதியவர் ஒரே ஒருவர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் திரு. ஜெனிஷ். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், இங்கே வந்து ஓராண்டுதான் ஆகிறது. வழக்கம் தெரியாமல் "மிகச் சிறப்பு" என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார். அடுத்த வாரமே அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. விஷயம் தெரிந்தவர்கள் அவர் கடைக்கு ஆணி வாங்கக்கூடப் போகவில்லை. பாவம், ஒரு மாதம் தலைகுனிந்து நடந்தார்.

6. இனி என் வீட்டு விஷயம். என் மனைவி தாயம்மா (வயது 52) இறால் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போயிற்று. அதற்கு முன் மைதானத்தில் அவர் குரல்தான் பெரிய குரல். எதிரணி ஆட்கள் எங்கள் பக்கம் த்ரோ போட வரவே பயப்படுவார்கள். பார்வை போன பிறகு, ஒருநாள் நான் கையைப் பிடித்து அழைத்துப்போய் வர்ணனை மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாஸ்கலைப் பார்த்து, "டேய், இன்னாமோ கத்திக்கினே கீற, பந்து எங்கடா கீது?" என்று கேட்டார். பாஸ்கல் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

7. அன்று முதல் பாஸ்கல் எதைச் சொன்னாலும் முதலில் பந்து இருக்கும் இடத்தைச் சொல்வார். எங்கள் மைதானத்தில் ஒரு கோல் கடல் பக்கம், ஒரு கோல் ரயில் பக்கம். "பந்து எங்க கீதுன்னா, ரயில் பக்கம் மூலையில கீது. நம்ம பத்தாம் நம்பரு ஒருத்தன ஏமாத்திட்டான். பந்து எங்க கீதுன்னா, இப்ப கொடிக்கம்பத்தாண்ட. காத்து கடல்லேர்ந்து அடிக்கிது, தூக்கிப் போட்டா வெளிய பூடும், தரையோடயே தட்றான்…" இப்படி. தாயம்மாவின் சர்க்கரை ஏறி வெளியே போக முடியாமல் ஆன பிறகும், வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்துகொண்டு, பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தவர்கள் அவருக்குக் கண் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள்.

8. தங்கள் நீக்கல் அறிவிப்பில் இரண்டாவது குறையாக, "ஒரே சொற்றொடரைத் தேவையின்றித் திரும்பத் திரும்பக் கூறுதல்" என்று போடப்பட்டிருக்கிறது. அது எந்தச் சொற்றொடர், யாருக்காக என்று தங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பாஸ்கல் யாரிடமும் சொன்னதில்லை. எங்களிடமும்கூடச் சொன்னதில்லை.

9. முதல் குறை அவர் பேச்சு கொச்சையாக இருக்கிறது என்பது. அதற்கு நான் வாதாடப் போவதில்லை. எங்களைப் போலப் பேசுகிறார் என்பது குறையென்றால், அந்தக் குறை எர்ணாவூர் முழுக்க இருக்கிறது.

10. மூன்றாவது குறை நேயர் கருத்து. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். படிவத்தை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தாயம்மா சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். மதிப்பெண் ஒன்று போடச் சொன்னார். வேறு கருத்து என்ற இடத்தில், "இவன் வாயில வசம்ப வச்சித் தேய்க்கணும், அப்பத்தான் ஒயுங்கா பேசுவான்" என்று எழுதச் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இதைக் கேட்டால் பாஸ்கலும் சிரிப்பார் என்று நினைத்தோம்.

11. ஜனவரி 9 அன்று மாலை ஐந்து மணிக்கு, நேயர் கருத்தை மதித்து வர்ணனையாளரை மாற்றுவதாகத் தங்கள் நிலையம் அறிவித்தது. உதாரணத்துக்கு ஒரு கருத்தையும் வாசித்தார்கள். தாயம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தார். வாசித்தது அவருடைய வரி. பெயர் சொல்லவில்லை, ஆனால் வரி அதேதான். களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினார். அன்று எங்கள் வீட்டில் சோறு வடிக்கவில்லை.

12. தற்போதைய வர்ணனையாளர் திரு. ரகுபதி மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. நல்ல தமிழ், நல்ல குரல், மரியாதையான தம்பி. பந்து நம்மிடம் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று கணக்காகச் சொல்கிறார். பந்து எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. அவர் நிலையத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்கிறார், கண் உள்ளவர்களுக்குச் சொல்கிறார். அவர்மேல் தப்பில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் தாயம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், பிறகு நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் ரேடியோவைப் போடுவதே இல்லை.

13. நானே ஆட்டத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஒருநாள் மைதானத்திலிருந்து தாயம்மாவுக்குப் போன் போட்டேன். நான் கப்பல் கிடங்குக்குள் இறங்கும் கிரேனுக்குக் கையசைத்து வழி சொல்கிறவன். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது, என் கையைப் பார்த்துத்தான் இறக்குவார். முப்பது வருடமாக ஒரு பெட்டி இடித்ததில்லை. ஆனால் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை ஐயா. கையைக் கையை ஆட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்கிறேன். அந்தப் பக்கம் அவர், "இன்னாயா ஆச்சி, சொல்லித் தொலயேன்" என்கிறார். கடைசியில் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம்.

14. பிப்ரவரி மாதம் பாஸ்கலைத் தேடிப் போனேன். காட்டுப்பள்ளியில் லாரிகள் நிறுத்தும் இடத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். சனி, ஞாயிறு வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள், இவர் அதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆட்டம் நடக்கும் நேரத்தில் சும்மா இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார் போலும். அவருக்கும் எங்கள் வழக்கம் தெரியும், இந்த ஊர்க்காரர்தானே. "திட்டுனது சும்மாடா, உனுக்குத் தெரியாதா" என்றேன். பர்சிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். நீக்கல் கடிதத்தோடு தங்கள் நிலையம் வைத்து அனுப்பிய படிவ நகல். தாயம்மாவுடையது, மேலே அவர் பெயர். என் கையெழுத்து.

15. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, பதினோரு வருசமா திட்டு வாங்கிக்கினு கீறேன், ஒருநாளு எனுக்கு வலிச்சதில்ல. வாயால திட்னா அது காத்தோட பூடும். எய்திக் குடுத்தா அது இருக்குண்ணே." எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றார். இதை நான் தாயம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

16. பாஸ்கல் போன பிறகு நங்கூரம் அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வரும் ஞாயிறு, மார்ச் 16 அன்று இறுதிப் போட்டி. இதுவரை அணி இறுதிக்கு வந்ததே இல்லை. ஊரே கொண்டாட்டமாக இருக்கிறது. "அவன் போனதுதான் நமக்கு ராசி" என்று சிலர் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

17. இதற்கிடையே, வரும் வெள்ளிக்கிழமை, மார்ச் 14 அன்று கூடும் தங்கள் நிர்வாகக் குழு புதிய ஏற்பாட்டை நிரந்தரமாக்கப் போவதாக அறிகிறேன். இந்த மனுவுக்குக் கையெழுத்து வாங்க நான்கு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். யாரும் பாஸ்கலுக்கு எதிரி இல்லை. ஆனால் இறுதிப் போட்டிக்கு முன் அவரை நல்லவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிவில்லை. "திங்கக்கெயம வா நைனா, நானே நானூறு கையெய்த்து வாங்கித் தரேன்" என்றார் அத்தாவுல்லா. சொன்னபடி வாங்கியும் தருவார். ஆனால் திங்கட்கிழமை தங்கள் கோப்பு மூடியிருக்கும்.

18. ஆகவே இதில் கையெழுத்திட்டிருப்பவர்கள் மூன்றே பேர். நான், என் மனைவி, திரு. ஜெனிஷ். அணி தோற்றால் அவர் இந்த ஊரில் கடை நடத்துவது கஷ்டம். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். "எண்ணே, நான் முதல்லயே எழுதுனதுதானே" என்றார்.

19. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது: வெள்ளிக்கிழமை முடிவை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். போட்டிகள் முடிந்த பின் அதே படிவத்தை அதே மைதானத்தில் இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். அதுவும் இயலாதென்றால், எங்களுக்கு வாதிடும் உரிமை இல்லை, நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். ஆனால் இந்த மனுவை அந்தப் படிவம் இருக்கும் கோப்பில், அந்தப் படிவத்தின் மேலேயே வைக்க வேண்டும். கீழே என் மனைவி சொல்லி நான் எழுதியிருப்பதன் நகலை, முன்பு அனுப்பியது போலவே, நிலைய முத்திரையுடன் பாஸ்கலுக்கு அனுப்ப வேண்டும். முன்பு வாசித்தது போல இதையும் ஒருமுறை வானொலியில் வாசித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அந்த வரியை எழுதியது என் கை என்பதால், இதையும் நானே எழுதித் தங்கள் முன் வைக்கிறேன்.

இடம்: எர்ணாவூர்
நாள்: 12.03.2025

இப்படிக்கு,
இரா. ஜெயவேல் (ஒப்பம்)
எஸ். ஜெனிஷ் (ஒப்பம்)

தாயம்மாவின் கருத்து (அவர் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல்):

"பாஸ்கலு, நான் தாயம்மா. மதிப்பெண்ணு அஞ்சு. நீ நல்லா சொல்லுவடா. நீ சொல்லிக்கினு இருந்தவரிக்கும் எனுக்குக் கண்ணு தெரிஞ்சிது. ஞாயித்துக்கெயம நம்ம டீமு தோத்தா தோத்துட்டுப் போவட்டும்."

ஜெ. தாயம்மா (இடது கைப் பெருவிரல் ரேகை)