மூச்சு வாங்காத வேகம்

என் ஆத்து எஜமானிக்கு,

பேரன் பிறந்தான்னு தந்தி வந்தது. எனக்கு ஹார்ட் அட்டாக் வந்ததால பொண்ணு பிரசவத்துக்கு மாடுங்காவுக்கு நம்மாத்துக்கு வரமுடியாம, நீ டில்லி போகவேண்டியதாப் போச்சு. உனக்கு அந்தக் கோபம் தீர்ந்ததோ?

டாக்டர் சொன்னபடிதான் நடக்கறேன். மூச்சு வாங்காம பேச முடியற வேகமே சரியான வேகம்னாரோல்லியோ? பேச நீ இல்லை. அதனால ஃபைவ் கார்டன்ஸ் பார்க்ல சஹஸ்ரநாமம் சொல்லிண்டே நடந்தேன். தடைபட்டா பெஞ்சில உட்கார்ந்துடணும்னு வெச்சுண்டேன். ஒருநாளும் தடைபடலை, நம்பு.

திங்கட்கிழமை ஆபீஸ் கிளம்பினேன். ஸ்டேஷன் படியெல்லாம் நிதானமாத்தான் ஏறினேன். பாலத்து மேல இருக்கச்சே கீழே வண்டி வந்துடுத்து. வண்டியைப் பார்த்தா ஓடியே பழகின பம்பாய்க் கால். டாக்டர் பேச்சு அதுக்கு எங்கே கேட்கும்? வண்டி கிடைச்சுடுத்து. ஏறினதுமே ஒருத்தன் எழுந்து எனக்கு சீட் கொடுத்தான். காலை வண்டியில யாராவது சீட் கொடுப்பாளோ? என் மூஞ்சியில என்னத்தைப் பார்த்தானோ!

மறுபடி லீவு போட்டிருக்கேன். மழைக்காகத்தான். எதிராத்து ஷ்யாமளா ரசஞ்சாதம் கொண்டுவந்து தரா. இப்போ படுத்துண்டே நாமம் சொல்றேன். அப்படியும் ஒரு சுலோகம் முடியறதுக்குள்ள மூச்சு வாங்கறது.

அவசரமில்லை, புண்யாஹவாசனம் ஆகி, பேரனுக்குப் பேர் வெச்சப்புறம் வந்தாப் போறும்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். கிளம்பி வந்துடு.

பேச்சுத்துணை இல்லாத
உன் ஆத்துக்காரன்