எட்டுக் கழுத்தும் நிமிர வேண்டும்

உ

ஹோம்புஷ், சிட்னி
18.8.1975

அன்புள்ள மகள் ரஞ்சினிக்கு,

அம்மாளாச்சி காவலில் நீயும் மருமகனும் லண்டனில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் சுகம், அவருடைய இடது தோள்மூட்டைத் தவிர, அது கண்டியில் ரக்பி விளையாடிய காலத்திலிருந்தே சுகமில்லாததுதான். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதோடு அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று நீ டைப் அடித்து, ஒன்று பழுதானாலும் இருக்கட்டும் என்று இரண்டு பிரதியாக அனுப்பிய ராஜினாமாக் கடிதமும் கிடைத்தது. இங்கிலிஷ் நன்றாக இருக்கிறது பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘வயதையும் உடல்நிலையையும் முன்னிட்டு’ என்று எழுதியிருக்கிறாயே, ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு என்ன உடல்நிலை? நேற்றும் கூரையில் ஏறி மழைத்தண்ணி ஓடுகிற பீலியைத் துப்புரவாக்கினார், நான்தான் கீழே நின்று கத்தினேன். இந்தத் தாள் உனக்கு எங்கேயோ பார்த்த தாளாகத் தெரிந்தால் அவசரப்பட்டுத் திருப்பிப் பார்க்காதே, முதலில் நான் சொல்வதைக் கேள்.

உனக்கு விஷயத்தை எழுதியது நாகேஸ்வரி அன்ரி என்று தெரியும். பாதியைத்தான் எழுதியிருப்பார், மீதியையும் நீ அறிய வேண்டும். அப்பா மூன்று வருடமாக ஒரு சதமும் வாங்காமல் அந்த யூனிவேர்சிட்டி விடுதிப் பிள்ளைகளுக்கு ரக்பியில் ஸ்கிரம் பழக்குகிறார். எட்டுப் பேர் தோளோடு தோள் கோர்த்துக் குனிந்து, எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரோடு முட்டிக்கொண்டு தள்ளுவார்களே, அதுதான். பந்து அவர்கள் காலுக்கிடையில் இருந்துதான் வெளியே வரும், வந்ததை எடுத்துக்கொண்டு ஓடிப் புள்ளி போடுகிறவன் வேறொருவன், கைதட்டலும் அவனுக்குத்தான். அங்கே தள்ளிப் பழக ஒரு இயந்திரம் வாங்கித் தரக் காசு இல்லை என்றார்கள். அப்பா நம்முடைய பழைய ஹோல்டன் காரைக் கொண்டுபோனார். பிள்ளைகள் எட்டுப் பேரும் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளுவார்கள், உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு இருப்பது நான். சிரிக்காதே. எனக்கு லைசென்ஸ் இல்லை, காரை முன்னுக்கு எடுக்கத் தெரியாது, ஆனால் பிரேக் பிடிப்பதில் என்னை வெல்ல சிட்னியில் ஆள் இல்லை. எப்போது தள்ளுவது என்று எதிர்ப்பக்கம் அறியக்கூடாதென்று அப்பா தமிழில் சொல்லப் பழக்கினார். செம்பட்டைத் தலைப் பிள்ளைகள் எட்டும் ஒரே மூச்சில் ‘தள்ளு!’ என்று கத்தும்போது பார்க்கில் புறா எல்லாம் எழும்பிப் பறக்கும்.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். ஜூலை மாதம் பக்கத்து விடுதியோடு ஆட்டம், இவர்களுக்கு அதுதான் வருடத்தின் பெரிய ஆட்டம். முன்வரிசையில் நிற்கிற பீட்டர் ஒரு தள்ளு முடிந்து எழும்பும்போது கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு எழும்பினான். அப்பா உடனே உள்ளே போய் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவன் வெளிக்கிட மாட்டேன் என்று அழாக்குறையாக நின்றான், தனக்கு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணினான், அப்பா விடவில்லை. மாற்று ஆள் விட முடியாது, ஒருவன் குறைந்தால் குறைந்ததுதான். தோற்றுப்போனார்கள். டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சும்மா தசைப்பிடிப்பு, இவன் விளையாடியிருக்கலாம் என்றாராம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று செய்தி வந்தால் ஒரு தாய் தேங்காய் உடைப்பாள். இவர்கள் கமிட்டி கூட்டினார்கள்!

கமிட்டி என்றால் மூன்று பேர், தலைவர் மிஸ்டர் கோல்டர், ஒரு காலத்தில் ஓரத்தால் ஓடிப் புள்ளி போட்டுப் பெயர் எடுத்தவராம். அப்பாவின் திறமையை மதிப்பிட அடுத்த ஆட்டத்துக்கு வந்து, கூரைக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்கள். நானும் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு அவர்களுக்குப் பின்னாலேயே போய் இருந்துகொண்டேன். ஸ்கிரம் தொடங்கினால் மூன்று பேரும் குனிந்து சிகரெட் பற்ற வைக்கிறார்கள். பந்து வெளியே வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பின்னால் நின்றவன் பந்தை நழுவ விட்டால் அதையும் எழுதிக்கொள்கிறார்கள். நான் சோறு கறி சமைத்துக் கையில் தந்த பிறகு நீ கோப்பையைக் கீழே போட்டால் சமையலையா குறை சொல்வது? எனக்கு வந்த கோபத்துக்குப் பிளாஸ்கால் ஒரு போடு போட்டிருப்பேன். அப்பா எந்தக் கணக்கைப் பார்க்கிறார் என்று அவர்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒவ்வொரு தள்ளு முடிந்ததும் அவர் பந்தைப் பார்ப்பதில்லை, எட்டுக் கழுத்தும் நேராக நிமிருகிறதா என்று பார்ப்பார். அவர் வருவதற்கு முந்திய வருடம் ஒரு பிள்ளையைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், இவர் வந்த பிறகு ஒன்றையும் தூக்கவில்லை. அதற்கு யார் மார்க் போடுவது? உன் வீட்டிலேயே ஒரு டொக்டர் இருக்கிறார், அப்பா மானத்தோடு தானாக விலகினால் நல்லது என்று புத்தி சொன்னாராமே, அவரிடமே கேள். கழுத்து விஷயத்தில் சந்தேகம் வந்தால் மருமகன் பொறு பார்ப்பம் என்று நிறுத்துவாரா, ஒன்றும் இராது போ என்று அனுப்பிவிடுவாரா?

கோல்டர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் கதைத்தார், என் வடையையும் சாப்பிட்டார். தானாக விலகினால் விருந்து வைப்பார்களாம், பெயர் பொறித்த வெள்ளிக் குவளை தருவார்களாம், விலகாவிட்டால் வியாழக்கிழமை வாக்கெடுப்பாம். அடுத்த நாளே உன் கடிதமும் வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக அவரைத் தள்ளுகிறீர்கள் என்று எனக்குப் பட்டது. உண்மையைச் சொல்கிறேன், அப்பா பேனையை எடுத்தார். பெரிய மகள் சொல்கிறாள், பேசாமல் போட்டுவிடுவம் என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் நான் பேனையைப் பறித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பீட்டருக்கு நாளைக்கும் கழுத்துப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். ‘நாளைக்கும் இதைத்தான் செய்வன், நாளையிண்டைக்கும் இதைத்தான் செய்வன்’ என்றார். அப்படியென்றால் எதற்கு விலகுவது? நீங்களாக விலகினால் குற்றம் உங்களுடையதாகிவிடும், அவர்கள் விலக்கட்டும், என்ன காரணம் என்று தங்கள் கையால் எழுதி விலக்கட்டும் என்றேன்.

வியாழக்கிழமை நான் காருக்குள் காத்திருக்க அப்பா உள்ளே போய் அதையே சொன்னார். விலக்கிவிட்டார்கள். காரணம் என்ன எழுதுவது என்று அவர்களுக்குள்ளேயே நெடுநேரம் வாக்குவாதமாம், கடைசியில் ‘விளையாடக்கூடிய ஒரு வீரரை வெளியே எடுத்தார்’ என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு ஹோலில், உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும். வெள்ளிக் குவளையை யார் துலக்குவது?

சனிக்கிழமை கடைசி ஆட்டம். அப்பா மைதானத்துக்குள் போகக்கூடாது, ஆனால் ரோட்டு அவர்களுடைய அப்பன் வீட்டு ரோட்டு இல்லையே, வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நின்றோம். மழை தூறியது. இனி மைதானத்தில் இங்கிலிஷ் மட்டும்தான் என்று அப்பாவுக்குப் பதிலாகப் பழக்க வந்த புது ஆள் உத்தரவு போட்டிருந்தாராம். கழுத்துக்காகக் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை அப்பாவோடு கதைக்காமல் திரிந்த பீட்டர் மறுபடியும் முன்வரிசையில் நின்றான். குனிவதற்கு முன் வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு கத்தினான் பார், ‘தள்ளு!’ என்று. மற்ற ஏழு பேரும் சேர்ந்து கத்த எதிர்ப்பக்கம் சேற்றிலே சறுக்கிக்கொண்டு பின்னால் போனது. நான் அழுதேன், அதில் வெட்கமில்லை. அப்பா அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக எழும்பும் வரைக்கும் வாய்க்குள் எண்ணினார். எட்டு என்று சொல்லி முடித்த பிறகுதான் தேத்தண்ணி கேட்டார். ஆட்டத்தில் யார் வென்றது என்று நாகேஸ்வரி அன்ரி எழுதுவார்.

இரவு வேலைக்குப் போகும்போது காலுறை போடு, தலை முழுகிய ஈரத்தோடு வெளியே போகாதே. நான் கார் ஓட்டப் பழகத் தொடங்கிவிட்டேன், இனிமேல் முன்னுக்கும் போவேன். அடுத்த வாரம் முதல் பிள்ளைகள் பார்க்குக்கு வருகிறார்களாம், அது விடுதியின் நிலம் இல்லை, யாரும் கமிட்டி வைக்க முடியாது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மருமகனில் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும், மறக்காமல் எழுதச் சொல். இனித் தாளைத் திருப்பிப் பார். நீ அனுப்பிய இரண்டு பிரதியின் பின்பக்கத்திலும்தான் இவ்வளவும் எழுதினேன், நல்ல தாள், எறிய மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அப்பா பெயருக்கு மேலே நீ விட்ட இடம் வெறுமையாகவே இருக்கிறது. கையெழுத்து வேண்டும் என்று கேட்டாய், இந்தப் பக்கத்தில் நான் போடுகிறேன்.

உன் அம்மா,
விமலாதேவி மகேந்திரராஜா