பதின்மூன்றாம் போத்தில்

அண்ணை,

இன்று காலை உடுவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு போத்திலில் தண்ணீர் பிடித்தேன். புதுப் போத்தில், கடையிலிருந்து வந்து உறைகூடப் பிரிக்காதது. உறையைக் கிழித்தேன், கொஞ்சம் தண்ணீர் விட்டேன், குலுக்கி ஊற்றினேன், பிறகுதான் நிரப்பினேன். கை என்னைக் கேட்காமலே இதையெல்லாம் செய்தது. செய்து முடித்ததும் அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். அம்மா குசினியிலிருந்து, "என்ன பிள்ளை, தலை சுத்துதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். உங்கள் நினைவு வந்தது என்று சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டி வரும்.

அந்தக் கதையை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

குருநகர்க் கரையில் உங்களிடம் படகு கேட்டு வந்தேன். தீவுப்பக்கக் கடலில் கடற்பசு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். "கடல்பண்டியோ?" என்றீர்கள். புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, மூச்செடுக்க மட்டும் மூக்கை வெளியே நீட்டுகிற அந்தப் பெரிய உயிரை நான் ஒருநாளும் உயிரோடு கண்டதில்லை. படித்தது எல்லாம் செத்ததை வைத்துத்தான். கரை ஒதுங்கிய உடல், யாரோ கொடுத்த இறைச்சித் துண்டு, காய்ந்த தோல். இனி அப்படி வேண்டாம் என்று உங்களுக்கு விளக்கினேன். அது உதிர்க்கிற தோலும் போடுகிற சாணமும் தண்ணீரில் கொஞ்ச நாள் கரைந்து கிடக்கும். அந்தத் தண்ணீரை அள்ளி வடிதாளில் வடித்துக் கொழும்புக்கு அனுப்பினால், அதில் கடற்பசுவின் மரபணு உண்டா இல்லையா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். விலங்கைத் தொடவும் வேண்டாம், காணவும் வேண்டாம்.

நீங்கள் சிரித்தீர்கள். "கடலுக்கு எல்லாரும் மீன் பிடிக்கத்தான் வருவினம், தங்கச்சி. தண்ணி பிடிக்க வந்த ஆளை இப்பத்தான் பாக்கிறன்."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "குட்டியெண்டாலும் காட்டுமோ?" என்று கேட்டீர்கள். காட்டும் என்றேன். "அப்ப நாளைக்கே போவம்" என்றீர்கள்.

படகுக்காரரிடம் போனால் காற்று என்பார்கள், இயந்திரம் பிழை என்பார்கள், ஒரு கிழமை இழுத்தடிப்பார்கள். நீங்களோ நாளைக்கே என்றீர்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு போத்தில் பெட்டியை உங்கள் படகிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெட்டியை ஸ்கூட்டரில் திரும்பவும் உடுவிலுக்குக் காவிக்கொண்டு போக எனக்குப் பஞ்சி, சோம்பல். எல்லாம் அந்தப் பஞ்சியில்தான் தொடங்கியது.

விடியவே போனோம். சாதாளை என்கிற கடற்புல் படர்ந்த ஆழமில்லாத இடங்களில் பன்னிரண்டு போத்தில் தண்ணீர் எடுத்தேன். கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு பெரிய வைத்தியர் மாதிரி நான் இருக்க, நீங்கள் ஒவ்வொரு இடத்திலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நெற்றியில் கையை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்காகத்தான் தேடுகிறீர்கள் என்று நம்பினேன். கடைசியில் பதின்மூன்றாவது போத்திலில், ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த சுத்தத் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அழுக்கு எங்கள் பக்கம், மற்றப் பன்னிரண்டையும் நம்ப முடியாது. அதை உங்களுக்கும் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள்.

முடிவு வந்த அன்று முதல் வரியில் "உண்டு" என்றிருந்தது. இரண்டாவதிலும் உண்டு. மிச்சத்தை வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களை அழைத்து, "அண்ணை, இருக்குது. போன இடமெல்லாம் இருக்குது" என்றேன். "மாதாவே" என்றீர்கள். அழுதீர்கள். இந்த மனிதருக்குக் கடல் மேல் எவ்வளவு பற்று என்று நினைத்து நானும் கண் கலங்கினேன். தொலைபேசியை வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை வாசித்தேன். பதின்மூன்றாவதிலும் உண்டு.

அன்று பின்னேரமே உங்கள் முற்றத்துக்கு வந்தேன். போத்தில்களை யாராவது தொட்டார்களா என்று கேட்டேன்.

"நான்தான் முதல்நாள் பின்னேரம் எல்லாத்தையும் ஒருக்கால் அலம்பிக் காயவிட்டு மூடி வைச்சனான். அலம்பாத போத்திலிலை ஆராவது தண்ணி அள்ளுவினமோ, தங்கச்சி?"

"எதாலை அலம்பினனீங்கள்?"

"போட்டுக்கை கிடந்த கானாலைதான். தண்ணி இறைக்கிற, வாய் வெட்டின கான்."

அந்தக் கானில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன். உங்கள் மனைவியை, அக்காவை, தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். நான் வருவதற்கு இரண்டு நாள் முன்பு உங்கள் வலையில் ஒன்று பட்டிருக்கிறது. மூச்செடுக்க மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே செத்திருக்கிறது. கரைக்குக் கொண்டுவந்தால் பொலிஸ் பிடிக்கும் என்று படகிலேயே வெட்டி, நாலு வீட்டுக்குப் பங்கு கொடுத்திருக்கிறீர்கள். இரத்தத்தை அந்தக் கானால்தான் இறைத்தீர்கள்.

"உயிரோடை இருந்திருந்தா வலையை அறுத்து விட்டிருப்பன். பொம்பிளைப் பண்டி. வெட்டேக்கைதான் கண்டன், மடியிலை பால் இருந்தது. குட்டி எங்கையோ கிடக்க வேணும். எனக்கு நித்திரை இல்லை, தங்கச்சி. நீங்கள் வந்து தண்ணி சொல்லும் எண்டு சொன்னியள். அதுக்குத்தான் வந்தனான்."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த விலங்குக்காக வந்தது. மறுபாதி, கொழும்பில் என் பெயர் கெட்டுவிடுமே என்பதற்காக. உள்ளதைத்தான் எழுதுகிறேன். "தாயில்லாமல் குட்டி எத்தினை நாளைக்கு? அதுவும் செத்திருக்கும். நீங்கள் சாக்காட்டினது ஒண்டில்லை, ரெண்டு" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

உங்களை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கானைப் பற்றிச் சொன்னால் என் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் எத்தனையோ முறை அழைத்தீர்கள். திரும்பவும் போய் எடுப்போம், இந்த முறை எதையும் தொடமாட்டேன் என்று சொல்லத்தான் அழைத்திருப்பீர்கள். நான் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொருவருடைய படகில் போய் அதே இடங்களில் தண்ணீர் எடுத்தேன். அடுத்த கிழமை நீங்கள் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தேன். அதற்கு முதல்நாள்தான் இரண்டாவது முடிவு வந்திருந்தது. இந்த முறை பதின்மூன்றாவது போத்தில் சுத்தம். மற்றப் பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை.

பூசை முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என்னைச் சுவரோரமாகக் கூட்டிப்போனார்.

"அவர் பிறகு எனக்கு எல்லாம் சொன்னவர். கடைசிவரைக்கும் அதையேதான் கேட்டுக்கொண்டு இருந்தவர். தங்கச்சி என்னவும் அறிவிச்சவவோ, குட்டி தப்பிட்டுதோ எண்டு. ஏதும் தெரிஞ்சுதோ?"

பையில் அந்தத் தாள் இருந்தது. "தப்பிட்டுது, அக்கா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குச் சேமக்காலைக்கு, அவரின்ரை கல்லறையடிக்குப் போவன். அவரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்" என்றார்.

சொல்லியிருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன், அண்ணை. உங்களுக்கு நான் மூன்று முறை முடிவு சொல்லியிருக்கிறேன். முதலில் போன இடமெல்லாம் இருக்கிறது என்றேன். பிறகு குட்டி செத்துவிட்டது என்றேன். மூன்றாவதை அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். மூன்றும் எனக்குத் தெரியாத விடயங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்றைக்கு, அந்தப் பன்னிரண்டு இடத்துத் தண்ணீரில் காணவில்லை. காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். கடற்பசுக் குட்டி பிறந்து சில கிழமைகளிலேயே தாயோடு சேர்ந்து புல் மேயப் பழகிவிடும். கொஞ்சம் வளர்ந்த குட்டியென்றால் பால் இல்லாமலும் பிழைத்திருக்கக்கூடும். உங்கள் முற்றத்தில் நீங்கள் தலை குனிந்து இருந்தபோதும் இது எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது. உங்களுக்கு நோக வேண்டும் என்று நினைத்து விழுங்கினேன். அதை இன்னும் வைத்துக்கொண்டு திரிகிறேன், சொல்வதற்கு ஆள் இல்லை.