ஆற்றைச் செய்தவள்

ஜூன் 4, வியாழன்
இன்று ஆபீஸில் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் படகோட்டும் கேம் வெளிவர இன்னும் ஒரு மாதம்தான். அதில் ஓடும் ஆறு முழுக்க என் பக்கத்து மேசைக்காரி செய்தது; தண்ணிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். நுரைக்காகவே ஒரு வருஷம் மாரடித்தாள். அவளும் போனாள். முதலாளி வேறொரு கம்பெனியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். சுட்டுக்கொண்டது அவர், கொப்புளம் எங்களுக்கு.

ஜூன் 8
கேமைச் செய்தவர்களின் பெயர்கள் வரும் திரை என் பொறுப்பு. போனவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். பெயர் இல்லாமல், இது நான் செய்தது என்று அடுத்த இடத்தில் அவள் எதைக் காட்டுவாள்? முதலாளியிடமே கேட்டேன். "போனவங்க போனவங்கதாம்மா" என்றார். என்னமோ செத்தவர்களைச் சொல்வது மாதிரி.

ஜூன் 9
எடுக்கமாட்டேன்.

ஜூன் 10
நான் எடுக்காவிட்டால் இன்னொருவர் எடுக்கப்போகிறார் — அதனால் என்ன பயன்? அவர்கள் பெயர் இல்லாவிட்டால் என் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் இசைக்காரர், கதை எழுதுகிறவர், மிச்சமிருந்த எல்லாரும் அதையே சொன்னார்கள். பாக்கி ஒரே பெயர், முதலாளியுடையது. வெட்கப்படுவார் என்று பார்த்தேன். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்!
வம்பை விலைக்கு வாங்குகிறேன் என்று அம்மா திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

ஜூலை 6
வெளியானது. இரண்டாம் கட்டத்தில் படகு தண்ணீருக்குள் இறங்கித் தரையில் சிக்கிக்கொள்கிறது. சரிசெய்யத் தெரிந்தவள் வீட்டில். சோதித்துப் பார்க்கிறவர்களையும்தான் அனுப்பியாயிற்றே. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆறுதலாக ஆடலாமென்று மாசக்கணக்காகக் காத்திருந்தேன், இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்று ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார். திட்டெல்லாம் ஒரே பெயருக்குப் போகிறது. வேறு பெயர்தான் இல்லையே.

ஜூலை 8
முதலாளி கூப்பிட்டார். அவர் போன் செய்தால் தண்ணிக்காரி எடுப்பதில்லையாம், நான் போட்டு உடனே வரச்சொல்ல வேண்டுமாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
"ஆத்தைச் செஞ்சது நீங்கன்னுதானே சார் போட்டிருக்கு. அவங்களை எதுக்குக் கூப்பிடணும்?"
எல்லார் பெயரும் திரும்ப வரட்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றேன். என் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். சாயங்காலம் ஒத்துக்கொண்டார்.

ஜூலை 13
தண்ணிக்காரி வந்தாள், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, படகை மிதக்கவிட்டாள். சரிசெய்த கேம் இன்று போனது, எல்லாருடைய பெயரோடும். நானேதான் அனுப்பினேன்.

ஜூலை 14
மேசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். செய்தேன்.

ஆகஸ்ட் 3
தண்ணிக்காரி போன் செய்தாள். வேறொரு கம்பெனியில் போன வாரம் சேர்ந்துவிட்டாளாம். ஆற்றைக் காட்டினாளாம், பெயரைக் காட்டினாளாம், அவ்வளவுதான். அங்கே திரைகள் செய்ய ஆள் வேண்டுமாம், நாளைக்கே வா என்கிறாள். பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டால் என்னடி சொல்வது என்றேன்.
"நான் உக்காந்திருக்கிற நாற்காலியைக் காட்டு" என்றாள்.