ஈரச் சுவரின் இடது மூலை

மார்ச் 3

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் நான்தான் வாயாடி என்று அண்ணன் முடிவு கட்டிவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் வீட்டு வேலை அறைக்குள் வந்து பார்த்தால், நீலத் தொட்டியில் என் மூன்று மாத உழைப்பு கஞ்சியாகக் கிடக்கிறது. ஓர் ஆள் உயரத்துக்கு, துணியும் நூலுமாகவே ஈரச் சுவர் ஒன்று கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருந்தேன். கிழிந்த மழைக்கோட்டு, பொசுக்கிய நைலான், கம்பளி நார் எல்லாவற்றையும் கரையும் தாள்மேல் பரப்பித் தையல் மெஷினில் ஓட்டியிருந்தேன். தண்ணீரில் போட்டால் தாள் கரையும், நூல் நிற்கும். நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். குறுக்கு நூல் ஓட்டத்தான் நேற்று வந்தேன். "கழுவுறத நானே வந்து கழுவிக்கிறேன் அண்ணி, யாரும் தொட வேணாம்" என்று போன வாரம் கிளம்பிப் போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தானே போனேன்?

பதினெட்டு வருடமாக அதே மெஷினில் பள்ளிக்கூடச் சின்னம் தைக்கிற உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்ப வேண்டுமா? வேண்டுமென்றேதான் செய்தீர்கள். பயிற்சி மையத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான்.

கண்காட்சித் தேர்வு இருபத்தைந்தாம் தேதி. மிச்சத்தை ஒரு நூல் விடாமல் அனுப்பி வையுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 7

சின்னவளுக்கு,

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன், கழுவினேன். உபகாரம் செய்யப்போய் உபத்திரவமாகிவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. காலில் விழுவேன் என்று காத்திருக்காதே.

மூன்று மாதம் அந்தப் பெரிய மேசை உன்னுடையது. நான் கட்டில்மேல் சின்னங்களைப் பரப்பி நூல் வெட்டினேன். நைலான் பொசுங்கிய நாற்றத்தில் உன் அண்ணன் இருமிக்கொண்டே, "ஏதோ கலை பண்றா, விடு" என்றார். விட்டேன். ஒரு நாளாவது "அண்ணி, இதப் பாருங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பாயா? "தொடாதீங்க" மட்டும் ஆயிரம் தடவை கேட்டாயிற்று.

என் முகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். என் முகம் எப்போதுமே இப்படித்தான். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

பார்சலில் எல்லாம் இருக்கிறது. இடது கீழ் மூலை மட்டும் ஒன்றரைச் சாண் அளவுக்குக் குலையாமல் நின்றது. அதைத் தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நீங்கள் சந்தோஷப்பட மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். என் சுவர் தேர்வாகிவிட்டது. வந்தது நூற்றுப்பத்து, எடுத்தது பன்னிரண்டு.

நீங்கள் விட்டுவைத்த மூலையை நடுவில் வைத்து, சுற்றிலும் புதிதாகக் கட்டினேன். மையத்து மெஷினில் பதினைந்து நாள். பின்பக்கம் முழுக்கக் கம்பளித் துணி ஒட்டி இறுக்கினேன். நடுவர்கள் மூன்று பேரும் அந்த மூலையைத்தான் சொன்னார்கள். குழாய் கசிந்து இறங்கிய தடம், தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும்போல இருக்கிறதாம்.

நான் நிதானமாகச் செய்த இடம் உங்கள் தொட்டித் தண்ணீருக்கும் அசையவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரே சின்னத்தை நானூறு தடவை தைத்து, குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிறவர்களுக்கு இது எங்கே புரியப்போகிறது.

அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். உங்களிடமிருந்து வாழ்த்தெல்லாம் வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

நான் போன கடிதத்தில் பொய் எழுதினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூலை நான் தைத்தது. அந்த இடத்தில் நீ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நூல் ஓட்டி விட்டிருந்தாய். நீ ஊரில் இல்லாத வாரம், சாப்பிட்ட பிறகு நாலு மதியம் உட்கார்ந்தேன். மெஷினுக்கு எதிர்ச் சுவரில் குழாய் கசிந்து துரு இறங்கியிருக்கிறது. பதினெட்டு வருடமாக என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. அதைத்தான் தைத்தேன். சின்னம் தைக்கிறவள் குறுக்கும் நெடுக்குமாக அடித்தையல் போடாமல் எதையும் நிரப்ப மாட்டாள். அது இல்லாமல் நிரப்பினால் சுருங்கிவிடும். கைப்பழக்கத்தில் இங்கேயும் போட்டேன். அதனால்தான் அது நின்றது.

தைத்து முடித்ததும், தாள் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூலையை மட்டும் நனைத்தால் ஈரம் மேலே ஏறி மற்றதும் பிசுபிசுத்துப்போகும். முழுவதையும் தொட்டியில் போட்டேன். ஒன்றும் தெரியாத நான் தைத்ததே நிற்கும்போது, படித்தவள் தைத்தது நிற்காதா என்று நினைத்தேன். நீ குறுக்கு நூல் போடவில்லை என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உன் மூன்று மாதம் என்னால் போனது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுத இத்தனை நாள் வெட்கமாக இருந்தது.

நம்பிக்கை இல்லையென்றால் கம்பளியைக் கொஞ்சம் பிரித்துப் பார். மேல்நூல் என்ன நிறமோ அதையேதான் நீ அடியிலும் போடுவாய். சின்னத்தின் பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள், நான் எப்போதும் வெள்ளை அடிநூல்தான்.

ஊரான் பேரையெல்லாம் தைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, காவல் நிறுவனம், எதையும் விட்டதில்லை. என் பேரை ஒரு தடவைகூடத் தைத்ததில்லை. சுவருக்குக் கீழே ஒட்டுகிற சீட்டில் என் பேரும் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணி

ஏப்ரல் 10

அண்ணிக்கு,

நன்றாகக் கதை கட்டுகிறீர்கள். செய்ததையும் செய்துவிட்டு, ஜெயித்ததும் பங்குக்கு வருவதா? வெள்ளை நூல் ஊரில் யாரிடமும் இல்லையா?

சீட்டு அச்சாகிவிட்டது. பிரிக்கவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள். அண்ணன் காதுக்குப் போனால் உங்களுக்குத்தான் அசிங்கம்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. வாசலில் தபால்காரர் நிழல் தெரிந்தாலே எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

பார்சல் வந்த அன்றே மூலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை. யார் தைத்தது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. என்னுடையதை நீங்கள் அழித்தீர்கள், உங்களுடையதை நான் எடுத்துக்கொண்டேன், சரிக்குச் சரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பளியை ஒட்டியதும் அதற்குத்தான்.

இப்போது தேர்வான படைப்புகளின் படத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அலுவலகத்தின் வரவேற்பறைக்கு முழுச் சுவரும் அந்தக் கசிவுத் தையலிலேயே வேண்டும் என்று கேட்கிறார்கள். இருபது தடவை தைத்துப் பார்த்துவிட்டேன். சுருங்குகிறது, இல்லையென்றால் தண்ணீரில் பிரிகிறது. எனக்கு வரவில்லை. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன். புதுச் சீட்டில் இரண்டு பேர் பேரும் இருக்கும். சனிக்கிழமை திறப்பு. வாருங்கள். முடிந்ததும் வீட்டுக்குப் போய் மெஷினில் உட்கார்ந்து அந்தச் சுவரை ஆரம்பித்துவிடலாம். ஒரு பேருக்காக இத்தனை ஆட்டம். இப்போது திருப்திதானே?

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 29

சின்னவளுக்கு,

சனிக்கிழமை வரவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன்.

சுவர் நன்றாக இருக்கிறது. பொசுக்கிய நைலானை மூலையின் ஓரத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாயே, அது எனக்குத் தோன்றியிருக்காது. சீட்டையும் பார்த்தேன். உன் பேருக்குப் பக்கத்தில் என் பேர். கண் கலங்கிவிட்டது. அங்கிருந்த காவலாளி நாற்காலியை எடுத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும்தான் நீ எழுதியது ஒவ்வொன்றாக மனசில் வந்தது. பார்சல் வந்த அன்றே உனக்குத் தெரியும். தெரிந்துதான் குண்டுச்சட்டி என்று எழுதினாய். தெரிந்துதான் கதை கட்டுகிறேன் என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், கம்பளியில் மறைத்தவளை இப்போதுதான் பார்க்கிறேன். உனக்குச் சுருங்காமல் வந்திருந்தால் என் பேர் அந்தச் சீட்டில் ஏறியிருக்காது. எனக்கு வயிறு எரிகிறது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். "சீட்டுல என் பேரை எடுத்துடுங்கம்மா" என்றேன்.

"ஏன், நீங்க தைக்கலையா?"

"நான்தான் தைச்சேன். அவ பேருக்குப் பக்கத்துல இருக்க வேணாம்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய சீட்டையே தேடி எடுத்து ஒட்டினார்.

அடித்தையல் எப்படிப் போடுவது என்று தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு, இடைவெளி ஓர் அரிசி அகலம், வேகம் பாதி. பத்து நாள் பழகினால் உனக்கும் வந்துவிடும். உன் மூன்று மாதத்தைக் கரைத்ததற்கு என்னால் முடிந்தது இது. இனி எனக்கும் உனக்கும் பாக்கி எதுவுமில்லை.

உன் அண்ணனைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. சாப்பாடு போடுவேன், படுக்கை விரிப்பேன், அதில் குறை வைக்க மாட்டேன். வேலை அறையில் மட்டும் உனக்கு இனி இடமில்லை. அந்தப் பெரிய மேசையில் நான் கரையும் தாள் விரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி