சாபாங்கில் நல்ல காப்பி கிடைக்கும் இடங்கள்

சாபாங், வே தீவு
செவ்வாய் மாலை

அன்பு மகள் ரௌஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பாவுக்குக் கோபம் மட்டும் குறையவில்லை என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி ஒன்பது மாதம் கழித்து எழுதும் முதல் கடிதம். விடுமுறைக்குத் தீவுக்கு வருகிறீர்கள், இபோய் கடற்கரை விடுதியில் நான்கு நாள் தங்குகிறீர்கள், வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டீர்கள். நல்லது. உன் கணவர் காப்பிப் பிரியராம். நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று அப்பாவைத் தவிர யாரிடம் கேட்பது என்கிறாய். உன் நிக்காஹ்வில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விருந்துக்கும் உட்காராமல், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் விமானம் ஏறிய அப்பாவிடம் கேட்கிறாய். பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்காமல் பாண்டுங்கிலிருந்து தொலைபேசியில் பெண் கேட்டவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

முதலில், மத்தியானம் காப்பி தேடி அலையாதீர்கள். அந்த நேரத்தில் இந்த ஊர் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் சொல்லிவை.

உங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே காப்பி இயந்திரம் வைத்த ஒரு கடை இருக்கிறது. நடத்துபவன் என் பழைய மாணவன் இஸ்கந்தர். காப்பி நன்றாக இருக்கும், கடலைப் பார்த்தபடி குடிக்கலாம். சுவரில் உலகப்படம் வரைந்து பூமத்திய ரேகையை நம் தீவின் நடுவிலேயே இழுத்து வைத்திருக்கிறான். ஏறக்குறைய ஆறு பாகை தெற்கே தள்ளிப் போடு என்றேன். "வெளியூர்க்காரங்க அதுக்கு முன்னாடி நின்னுதான் சார் போட்டோ எடுக்கறாங்க, எப்படி அழிக்கிறது?" என்றான். நான்கு வருடமாக அங்கே நான் போவதில்லை.

கடைத்தெருவில் அக்யோங் கடை. பால் காப்பிக்கு அதுதான். அங்கே ஆடிய சதுரங்கத்தில் காயைத் தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும் என்று அவர் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். நான் தொடவில்லை, சட்டைக் கைதான் பட்டது. அது ஆறு வருடத்துக்கு முன்பு.

எல்லாவற்றிலும் சிறந்தது படகுத்துறை ரம்லி கடை. துணியில் வடிகட்டி, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றும் கறுப்புக் காப்பி. கூடவே வாழையிலையில் பொதிந்து சுட்ட, ஒட்டும் அரிசிப் பண்டம். தலைமையாசிரியர் பதவி எனக்கு இல்லை, என்னைவிட எட்டு வருடம் இளையவனுக்கு என்று உத்தரவு வந்த காலையில், நானும் அவனும் ஒரே மேசையில் இருந்தோம். ரம்லி முதல் கோப்பையை அவன் முன்னால் வைத்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒன்பது வருடமாகிறது.

ஒன்பது வருடம் பழைய தகவலை எழுதி அனுப்புவது என் வழக்கமில்லை. ஆகவே இன்று காலை சரிபார்க்கப் போனேன். சரிபார்க்க மட்டும்.

நான் உள்ளே கால் வைத்ததும் மீனவன் பாஹ்தியார், "டேய், வாத்தியார் கடைக்குள்ள வந்திருக்காரு! இன்னிக்கு யாரும் படகை எடுக்காதீங்க, புயல் நிச்சயம்!" என்று கத்தினான். கடையே சிரித்தது. ரம்லி காப்பியைக் கொண்டுவந்து வைத்தான்.

ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். வறுபடும் கடைசி நேரத்தில் கொஞ்சம் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டால் வருகிற அந்த வாசனை. தினமும் விடிகாலையில் உன் அம்மா தரும் அதே காப்பி. தாகெங்கோன் மலையிலிருந்து உன் மாமா அனுப்பும் தூள் அல்லவா அது? ரம்லியிடம் கேட்டேன், என் மச்சான் உனக்கும் அனுப்புகிறாரா என்று.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "உங்க மச்சான் ஒரு பிடி தூள் அனுப்பினாலே அதிசயம், வாத்தியாரே. ஒம்போது வருஷமா உங்க வீட்டுக்குத் தூள் இங்கேருந்துதான் போகுது. பள்ளிக்கூடம் படிச்ச காலத்துல உங்க பொண்ணுதான் புத்தகப் பைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போகும். இப்போ உங்க வீட்டம்மாவே வந்து வாங்கறாங்க" என்றான்.

ரௌஸா, பெருநாளுக்குப் பெருநாள் உன் மாமாவுக்கு நன்றி சொல்லி வந்திருக்கிறேன். அந்த மனிதரும் கூச்சமில்லாமல் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "உங்க கோபம் உங்களோட. நாக்குக்கு எதுக்குத் தண்டனைன்னு விட்டுட்டேன்" என்றாள். உன்னிடம் நான் என்ன கேட்பது? உன் மீதும் அம்மா மீதும் மாமா மீதும் எனக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ரம்லியோடு பகை என்று நான் நிமிர்ந்து நடந்த நாட்களில் எல்லாம் காலையில் முதல் வேலையாக அவன் காப்பியைத்தான் குடித்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கடையை விட்டுக் கிளம்பும்போது ரம்லி வாசல் வரை வந்தான். "பொண்ணு மாப்பிள்ளையோட வருதாமே. மாப்பிள்ளையை எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்க? தீவுல இருக்கற எல்லாக் கடையோடயும் பகை. தென்னை மரத்தடியிலயா உட்கார வெப்பீங்க?" என்றான். இங்கே மாமனாரோடு ஒரு மேசையில் காப்பி குடிக்காத மாப்பிள்ளையை ஊர் மாப்பிள்ளையாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது உனக்கும் தெரியும். அவன் கேட்டதில் தப்பில்லை.

எனவே என் பதில் இது. நீங்கள் இங்கே இருக்கும் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரம்லி கடைக்கு வாருங்கள். வெள்ளியன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. கடை நிறைந்திருக்கும், எல்லோரும் பார்ப்பார்கள். சுவரோரம் மேசை சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவும் வருகிறாள். யாருக்கு மேசை என்று ரம்லி ஊருக்கே கேட்கும்படி கேட்டான். என் மகளுக்கும் மருமகனுக்கும் என்றேன். பாஹ்தியார் இந்த முறை புயல் என்று கத்தவில்லை.

இன்னொன்று. இபோய் விடுதிகளில் கொசு அதிகம் என்று கேள்வி. உன் அறையின் மின்விசிறியைச் சரிசெய்துவிட்டேன், கட்டிலையும் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டாயிற்று. தகவலுக்காகச் சொல்கிறேன்.

கடல் அமைதியாக இருக்கட்டும். உன்னையும் பிரசெத்யோவையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். படகுத்துறையில் அவர் என்னைத் தேட வேண்டியிருக்காது. முன்னால்தான் நிற்பேன்.

உன் தந்தை,
தர்மிஸி