ஜவ்வு

பிப்ரவரி 3

இன்றைய வகுப்பு: உடலின் சவ்வுகள். வாயிலிருந்து குடல்வரை ஈரம் காக்கும் சவ்வு, மூட்டு தேயாமல் வழவழப்பு ஊறவைக்கும் சவ்வு, இதயத்தையும் நுரையீரலையும் போர்த்தியிருக்கும் சவ்வு. கரும்பலகையில் 'சவ்வு' என்று எழுதியதுமே கடைசி வரிசையில் ஒரு கனைப்பு. "ஜவ்வு!" ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுகிறார்கள், பட்டப்பெயர் மாறுவதில்லை. என்னிடம் படித்தவன் இன்று எனக்குத் துறைத்தலைவன். அவனும் என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறான்.

அந்தப் பெயரை வைத்தவன் என் அண்ணன். என் கல்யாணத்தில், கல்லூரியே உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடுங்கி: "என் தம்பி வாயத் திறந்தா ஜவ்வு மாதிரி இழுப்பான். பொண்ணு பாவம்!" கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிப்ரவரி 9

இத்தனை வருடம் கழித்து அண்ணியிடமிருந்து போன். அண்ணனுக்குப் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறதாம். "டாக்டர் சொல்றது ஒண்ணும் புரியல தம்பி. நீங்க வந்து சொல்லுங்களேன்."

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10

போகமாட்டேன்.

பிப்ரவரி 12

போனேன். அண்ணிக்காக.

ஆள் பாதியாகியிருந்தான். விலாவில் குழாய். கட்டிலடியில் பாட்டில், அதில் செந்நீர்.

"வாடா ஜவ்வு."

இந்த நிலையிலுமா! திரும்பிவிடப் பார்த்தேன்.

"பொடி போட்டு ஒட்டப் போறாங்களாமே. நான் என்ன கிழிஞ்ச நோட்டா?"

சொன்னேன். நுரையீரலுக்கு இரண்டு சவ்வு. ஒன்று நுரையீரலோடு, இன்னொன்று மார்புச் சுவரோடு. நடுவில் துளி ஈரம். அதனால்தான் மூச்சு விடும்போது உரசாமல் வழுக்குகின்றன. இப்போது அங்கே நீர் பெருகி நுரையீரலை நசுக்குகிறது. நீரை வடித்துப் பொடியைத் தூவினால் இரண்டும் புண்ணாகும், ஆறும்போது ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர் தங்க இடமிருக்காது.

"புண்ணானாத்தான் ஒட்டுமா?"

"ஆமா."

"அப்ப நாம எப்பவோ ஒட்டியிருக்கணுமேடா."

எழுந்தேன்.

"உட்காருடா. இன்னும் கொஞ்சம் இழு. சீக்கிரம் முடிச்சிடாத."

வயிற்றுச் சவ்விலிருந்து முழங்கால்வரை சொன்னேன். தூங்கிவிட்டான். என் வகுப்பில் தூங்கினால் வெளியே அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரி 20

பொடி போட்டார்கள். நுரையீரல் விரிந்து மார்புச் சுவரைத் தொடவே இல்லை. டாக்டர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "ஒட்டல."

மார்ச் 2

தினமும் போகிறேன். அந்த மைக்கை நான் மறக்கவில்லை. அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இன்னைக்கு எந்த ஜவ்வு?" என்றுதான் கேட்கிறான். அதையும் மூச்சுக்கு ஒரு சொல்லாக.

மார்ச் 17

அண்ணன் காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் கல்லூரிக்குப் போனேன். நுரையீரல் சவ்வுப் பாடம். கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினால், யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார்... எழுத்துப் பிழை."

பார்த்தேன். 'ஜவ்வு' என்று எழுதியிருந்தேன்.

டஸ்டரை எடுத்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தேன்.